குடும்பத்துக்கு ஒரு வாக்கு: தமிழ்ச் சங்கங்களின் உறுப்பினர் விதியை எப்படி மாற்றுவது?

கேள்வி: ஆன்டாப்ஹில் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். மத்திய மும்பையில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தில் இரண்டு ஆண்டுகளாக இணைச் செயலாளராகப் பணியாற்றி வருகிறேன். யாரையும் குறைகூறுவது என் நோக்கமன்று என்பதால் சங்கத்தின் பெயரை எழுதவில்லை. பின்னணியைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் நீங்கள் வழி சொல்ல இயலும் என்பதால், பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழி முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி நமது மும்பை மாநகராட்சி. அந்த எட்டில் தமிழின் இடம் எங்கள் கண்முன்னே போய்விடக் கூடாது என்ற கவலையில், வகுப்பை வேறு பள்ளியோடு இணைக்காமல் தொடர வேண்டுமென்று ஒரு மனு தயாரித்தோம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்து தர முயல வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவையும், தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய குடிமக்கள் அதைப் பேணிக்காக்க உரிமையுடையவர்கள் என்னும் 29ஆம் பிரிவையும் அதில் எடுத்துக்காட்டியிருந்தோம். மனுவோடு ஒன்பது பேர் கல்வி அலுவலகத்துக்குச் சென்றோம். ஒன்பது பேரும் ஆண்கள்.

அங்கிருந்த அதிகாரி ஒரு மராத்திப் பெண்மணி. மனுவை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் விளக்கமும் கேட்டார். பிறகு, "இந்த வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் யாரும் வரவில்லையா?" என்றார். அந்தக் கேள்வியில் ஏளனம் சிறிதும் இல்லை. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்தவர்களிடம் காரணத்தைக் கேட்க விரும்பினார், அவ்வளவுதான். எங்கள் ஒன்பது பேரில் எவருடைய பிள்ளையும் அந்தப் பள்ளியில் படித்ததில்லை. எங்களிடம் பதில் இல்லை.

அன்றிரவு சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் சங்கத்தில் குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர், குடும்பத்துக்கு ஒரு வாக்கு. சந்தா ரசீதில் 'திரு. இன்னார் மற்றும் குடும்பம்' என்று எழுதுவோம். தம் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்த பெண்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். அவர்கள் அத்தனை பேரும் கணவரை இழந்தவர்கள். அதாவது, கணவர் இறந்த பிறகுதான் எங்கள் சங்கத்தில் ஒரு பெண் வாக்காளர் ஆகிறாள். நாற்பது ஆண்டுகளாக இந்த ரசீதுகளை எழுதிவந்த எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது. மாநில அரசிடம் சிறுபான்மையினர் என்ற முறையில் உரிமை கேட்கும் நாங்கள், எங்களுக்குள் பாதிப் பேரின் உரிமையைக் கணக்கில்கூட வைத்துக்கொள்ளவில்லை.

இந்த விதியைச் சட்டப்படி மாற்றுவது எப்படி? "ஏற்கெனவே நாம் சிறிய கூட்டம், இதைக் கிளப்பினால் பிளவு வரும்" என்று மூத்தவர்கள் சொல்வதற்கு என்ன மறுமொழி தருவது? இந்த மாற்றத்தைச் செய்து பார்த்த சங்கத்தார் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மறுமொழி: செம்பூர் தணிக்கையாளர்

வணக்கம். நான் வழக்கறிஞன் அல்லன். சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முதலில் பதிவு செய்யப்பட்ட மூல விதித்தொகுப்பைத் தேடி எடுங்கள். கைமாறிக் கைமாறி வரும் நகலை நம்ப வேண்டாம். மும்பையில் உள்ள பல சங்கங்களில் 'விதி' என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது வெறும் வழக்கமாகவே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் சங்கம் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானதாகவே இருக்கும். அதன் 15ஆம் பிரிவு, விதிகளின்படி சேர்த்துக்கொள்ளப்பட்டுச் சந்தா செலுத்திய அல்லது உறுப்பினர் பட்டியலில் கையெழுத்திட்ட ஒரு 'நபர்' என்றுதான் உறுப்பினரை வரையறுக்கிறது. குடும்பம் என்ற சொல் அங்கே இல்லை. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: மூன்று மாதங்களுக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்கு இல்லை. இதை நினைவில் வையுங்கள். மாற்றத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் பாதிப் பேர் சந்தா பாக்கிக்காரர்கள் என்பது பின்னால் தெரியவந்து கூட்டமே செல்லாமல் போனதையும் கண்டிருக்கிறேன்.

விதியை மாற்றுவதற்கான பெரும்பான்மை எவ்வளவு என்பதை உங்கள் விதித்தொகுப்பே சொல்லும். சங்கத்தின் நோக்கங்களையே மாற்றுவதாக இருந்தால் 12ஆம் பிரிவின்படி சிறப்புக் கூட்டம் கூட்டி, உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதலைப் பெற்று, ஒரு மாத இடைவெளிக்குப் பின் இரண்டாவது கூட்டத்தில் அதே அளவு ஆதரவோடு உறுதி செய்ய வேண்டும். உறுப்பினர் தகுதிக்கு அவ்வளவு தேவைப்படாது என்றாலும் இரண்டு கூட்டங்களாக நடத்துவதே என் விருப்பம். முதல் கூட்டத்தில் கோபமாகப் பேசியவர் இரண்டாவது கூட்டத்துக்குள் வீட்டில் பேசிவிட்டு வந்திருப்பார். மகாராஷ்டிரத்தில் சங்கங்கள் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்துக்கும் உட்பட்டவை என்பதால், புதிய நிர்வாகிகள் வந்ததும் 90 நாள்களுக்குள் சாரிட்டி கமிஷனர் (அறக்கட்டளை ஆணையர்) அலுவலகத்தில் சேஞ்ச் ரிப்போர்ட், அதாவது மாற்றத்தைத் தெரிவிக்கும் அறிக்கை, தாக்கல் செய்துவிடுங்கள். எதிர்ப்பவர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான்.

சந்தா விஷயத்தில் ஒரு வார்த்தை. கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே முழுச் சந்தா என்று வைத்தால் கணவனுக்கு மட்டும் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். தொகை குடும்பத்துக்கு ஒன்றாக இருக்கட்டும். உறுப்பினர் எண்ணும் வாக்கும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.

நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதைப் புதுமை என்று எவரேனும் சொன்னால், அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கமிட்டியைக் காட்டுங்கள். இம்மாநிலத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் குழுவில் பெண்களுக்கு இரண்டு இடங்களைச் சட்டமே ஒதுக்கியிருக்கிறது. உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2011இல் சட்டம் திருத்தப்பட்டு, 2012 தேர்தலிலிருந்து மும்பை மாநகராட்சியின் வார்டுகளில் பாதி அவர்களுக்கு வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி கழுவுவது முதல் தெருவிளக்கு வரை பெண்கள் முடிவு செய்யும் ஊரில், பொங்கல் விழா நிகழ்ச்சி நிரலை முடிவு செய்ய மட்டும் அவர்கள் ஆகாதா?

மறுமொழி: முலுண்டு மூத்தவர்

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் மாற்றுக் கருத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

அறுபதுகளின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இந்த நகரத்தில் எழுந்த கிளர்ச்சியைக் கண்ணால் பார்த்தவன் நான். வேட்டி கட்டிக்கொண்டு ரயிலில் ஏறத் தயங்கிய நாள்கள் அவை. உடுப்பி ஹோட்டல்களின் கண்ணாடி உடைந்தது. அந்தப் பயத்தில்தான் எங்கள் தலைமுறையில் பலர் சங்கம் சங்கமாகச் சேர்ந்தோம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும், அவர் சொல் அந்த வீட்டின் சொல் என்று வைத்துக்கொண்டோம். பெண்களை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை.

இப்போது ஆளுக்கு ஒரு வாக்கு என்று மாற்றினால், ஏழெட்டுப் பேர் கொண்ட வீட்டுக்கு ஏழெட்டு வாக்கும், வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீட்டுக்கு இரண்டே வாக்கும் என்றாகிவிடாதா? தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு கூட்டமாக ஆள்களைச் சேர்த்துச் சங்கத்தின் கட்டடத்தையும் இடத்தையும் கைப்பற்றுவது இந்த ஊரில் நடக்காததன்று. 2011 கணக்கெடுப்பில் இம்மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர்தான். பள்ளி கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் விதித்தொகுப்பைத் திறந்துவைத்துச் சண்டையிட வேண்டுமா என்பதே என் கவலை. முதலில் வகுப்பைக் காப்பாற்றுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மறுமொழி: தாராவி 90 அடிச் சாலை

ஐயா, உங்கள் வயதுக்கும் நீங்கள் பட்ட துன்பத்துக்கும் தலைவணங்குகிறேன். ஆனால் 'பிறகு' என்ற சொல்லை என் பாட்டி கேட்டார், என் அம்மா கேட்டார், நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக எங்கள் முன்னோர் தாராவிக்கு வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்கள் சந்தில் இன்று தோல் பட்டறை இல்லை, இட்லி வேலைதான். அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டினால்தான் ஆறு மணிக்குள் அண்டாக்கள் சைக்கிளில் ஏறும். மாவை முந்தின நாள் மாலையிலேயே அரைத்தாக வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் சில மணி நேரத்துக்குள் குடம், டிரம் எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும். எங்கள் பகுதிச் சங்கத்தின் கூட்டம் எப்போதும் ஞாயிறு இரவு ஏழு மணிக்கு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. "பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்துப் பாருங்கள் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் நேரத்தை முடிவு செய்யும் அறையில் மாவு அரைப்பவர் எவரும் இல்லை.

வீட்டுக்கு ஒரு சொல் என்றீர்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டும் பதிந்திருந்த பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேரின் பதிவுகளை நீக்க வேண்டியதாயிற்று. அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதில் விட்டுக்கொடுக்க மறுத்தார்; பெயரில்லாமல் வாக்கில்லை என்றார். அந்த முறை அந்தப் பெண்கள் வாக்கை இழந்தார்கள். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெயரைப் பதியவைக்க நாடு முழுவதும் முயற்சி நடந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு நாடு கைவிட்ட முறையை 'மற்றும் குடும்பம்' என்று ரசீதில் நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

இதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்கிறேன். சிறுபான்மை உரிமை என்றதும் நமது சங்கங்கள் மொழியோடு நின்றுவிடுகின்றன. எங்கள் பக்கத்தில் தலித் குடும்பங்கள் நிறைய. இம்மாநிலத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற வேண்டுமானால் 1950 ஆகஸ்டு 10க்கு முன்பே குடும்பம் இங்கே வசித்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும். குடிசையில் தீ, மழை, இடிப்பு என்று எத்தனையோ பார்த்தவர்களிடம் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ் எங்கே இருக்கும்? பெண்களின் நிலை இதைவிட மோசம். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவளிடம் தமிழ்நாட்டுச் சான்றிதழ் இருக்கும், ஆனால் ஒரு மாநிலத்தில் பிறந்த சாதித் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இங்கேயே பிறந்தவளுக்கு அப்பா வழி, தாத்தா வழி ஆவணம் தேவை. அவற்றை வைத்திருப்பவர் பெரும்பாலும் அண்ணனோ சித்தப்பாவோ. அவர் கொடுத்தால் உண்டு. நர்சிங் படிக்க இடம் கிடைத்தும் இந்தக் காகிதம் இல்லாமல் கட்டணச் சலுகை பெற முடியாமல் போன பெண்ணை எனக்குத் தெரியும். இன்று அவள் என்னோடு இட்லி ஊற்றுகிறாள். இவளுக்காக எந்தத் தமிழ்ச் சங்கம் மனு எழுதியது? எழுதக் கூடாது என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இப்படி ஒரு சிக்கல் இருப்பதே அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதுதான் காரணம். எங்கள் சந்தில் உள்ள தமிழ் முஸ்லிம் பெண்களுக்கும் கிறித்தவப் பெண்களுக்கும் கேட்டால் இதுபோல் இன்னொரு பட்டியல் இருக்கும்.

பள்ளிக்கு வருவோம். அந்த அதிகாரி அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் என் மூத்த மகளைத் தமிழ்வழியில் சேர்த்தேன், இளையவளைச் சேர்க்கவில்லை. மொழிப்பற்று குறைந்துபோனதால் அல்ல. வகுப்பை வேறு பள்ளியோடு இணைத்ததும் பிள்ளை இரண்டு பெரிய சாலைகளைக் கடக்க வேண்டியதாயிற்று. ஆறு வயதுக் குழந்தையைக் கூட்டிப்போய்க் கூட்டிவர எனக்கு நேரமில்லை. பையனாக இருந்தால் "அண்ணன்மாரோடு போய்விடுவான்" என்று விடுவார்கள்; பெண் குழந்தையை வீட்டில் நிறுத்திவிடுவார்கள் அல்லது பக்கத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவார்கள். ஆக, ஒரு தமிழ் வகுப்பு மூடப்பட்டால் முதலில் குறைவது பெண் குழந்தைகளின் எண்ணிக்கை. உங்கள் மனுவில் 350ஏ இருந்தது. இந்த இரண்டு சாலைகள் இருந்தனவா?

கடைசியாக, பெரிய குடும்பங்கள் வாக்குகளைக் குவித்துக்கொள்ளும் என்ற அச்சத்தைப் பற்றி ஐயா அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். என் வீட்டில் நானும் என் கணவரும் எல்லாத் தேர்தலிலும் ஒரே சின்னத்துக்கு வாக்களித்ததில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி: டோம்பிவிலி அம்மா

மேலே எழுதிய சகோதரியின் ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். இதுவரை எவரும் தொடாத ஒரு விதியை நான் தொட வேண்டும்.

நான் செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மணந்துகொண்டவர் மராத்தியர். திருமணத்துக்கு முன்பு என் தந்தை உறுப்பினராக இருந்த சங்கத்தில் ஏழு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்தேன். திருமணம் முடிந்த மறு ஆண்டு உறுப்பினர் படிவம் கேட்டபோது, குடும்பத் தலைவர் தமிழராக இருந்தால்தான் சேர்க்க இயலும் என்று கனிவாகவே சொன்னார்கள். அதே ஆண்டு மராத்திப் பெண்ணை மணந்த ஒரு சகோதரர் எந்தத் தடையுமின்றி உறுப்பினராகத் தொடர்ந்தார். அவர் தொடர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அவர் மனைவி இப்போது நல்ல தமிழ் பேசுகிறார். நான் எப்படித் தமிழச்சி அல்லாமல் போனேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தாய்மொழி என்று சொல்கிறோம். அதைக் கொடுக்கும் தாய்க்குச் சங்கத்தில் இடமில்லை.

மகளுக்கும் பிறப்பாலேயே பரம்பரைச் சொத்தில் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. மகாராஷ்டிரம் 1994இல் செய்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். புனேயில் சாவித்திரிபாய் புலே பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது 1848இல். இந்த இரண்டு மரபுக்கும் வாரிசுகளாக இந்த நகரத்தில் வாழ்கிறோம். என் தந்தையின் வீட்டில் எனக்குப் பங்கு தரும் சட்டம் உண்டு. அவர் சந்தா கட்டிய சங்கத்தில் எனக்குப் பங்கு தரும் விதி இல்லை.

பண்பாடு கலந்துவிடும் என்ற பயம் சிலருக்கு இருப்பதை அறிவேன். என் மகன் என்னோடு தமிழிலும் அப்பாவோடு மராத்தியிலும் பேசுகிறான். ஒன்று கூடியதால் மற்றொன்று குறையவில்லை. குஜராத்திச் சிறுபான்மைப் பள்ளிகள் தொடுத்த வழக்கில், இம்மாநிலப் பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயமாகக் கற்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தபோது, சிறுபான்மை உரிமை போயிற்று என்று பலர் வருந்தினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எட்டு மொழியினர் ஒரே கட்டடத்தில் வாழும் ஊரில், அண்டை வீட்டாரின் மொழியைக் கற்பதும் சொந்த மொழியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தை மாதத்தில் என் மாமியார் நடத்தும் ஹல்தி குங்குமத்துக்கு (பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் தரும் மராத்தி விழா) எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். மாமியாரின் எள்ளுருண்டையையும் என் பொங்கலையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எனவே, ஆளுக்கு ஒரு வாக்கு என்று விதியைத் திருத்தும்போது, 'தமிழர்' என்பதற்கான வரையறையில் தகப்பன் வழியையும் கணவன் வழியையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் வெளியிலேயே நிற்போம்.

மறுமொழி: முலுண்டு மூத்தவர்

தாராவி மகளுக்கும் டோம்பிவிலி மகளுக்கும் என் வணக்கம். இரண்டு கடிதங்களையும் என் மனைவியிடம் படித்துக்காட்டினேன். நாற்பத்தாறு ஆண்டுகளாக ஒரே வாக்கை இருவருக்கும் சேர்த்துப் போட்டுவந்த என்னிடம், "என்னைக் கேட்டா போட்டீர்கள்?" என்றார். கேட்டதில்லை.

மகள் வெளியில் மணந்தால் உறுப்பினர் தகுதி போகும் என்ற விதி எங்கள் சங்கத்திலும் உண்டு. அது நியாயமன்று என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆளுக்கு ஒரு வாக்கு என்பதையும் ஏற்கிறேன்; ஆனால் உறுப்பினராகி ஓராண்டு முடிந்த பிறகே வாக்கு என்ற நிபந்தனை கட்டாயம் வேண்டும். தேர்தல் நேரத்தில் ஆள்சேர்ப்பதைத் தடுக்க வேறு வழியில்லை. நிர்வாகக் குழுவில் இடஒதுக்கீடு வேண்டும் என்பதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க இயலவில்லை. வாக்கு வந்துவிட்டால் இடம் தானே வரும் என்பது என் எண்ணம்.

மறுமொழி: செம்பூர் தணிக்கையாளர்

ஓராண்டு நிபந்தனை நல்ல யோசனை. ஆனால் அதை அப்படியே வைத்தால் முதல் தேர்தலில் பழைய வாக்காளர்கள், அதாவது ஆண்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். ஏற்கெனவே உறுப்பினரான குடும்பத்தின் வயதுவந்தோர் அனைவருக்கும் அக்குடும்பம் சேர்ந்த நாளிலிருந்தே உறுப்பினர் காலத்தைக் கணக்கிடலாம் என்று ஓர் இடைக்கால விதி சேர்த்துவிடுங்கள். இடஒதுக்கீடு பற்றி: 1921இலேயே சென்னை மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் பெண்கள் வாக்குப் பெற்றார்கள். அப்போது சொத்து வைத்து வரி கட்டியவர்களுக்கே வாக்கு என்பதால் வெகு சில பெண்களுக்கே அது எட்டியது என்றாலும், வாக்கு வாக்குதான். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் என்று அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது 2023இல். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் இடம் தானே வந்துவிடவில்லை.

கேள்வி கேட்டவர்: ஆன்டாப்ஹில் வாசகர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

தணிக்கையாளர் ஐயா சொன்னபடி மூல விதித்தொகுப்பைத் தேடினோம். முன்னாள் செயலாளர் ஒருவரின் வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. ஓரங்கள் பழுப்பேறித் தொட்டால் உதிரும் தாள். அதில் உறுப்பினர் என்பதற்கு '18 வயது நிறைந்த தமிழ் பேசும் நபர்' என்றுதான் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்று எங்குமே இல்லை. பின்னாளில் யாரோ அச்சடித்த விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பத் தலைவர் பெயர்' என்று ஒரு கட்டம் வந்து, அந்தக் கட்டமே விதியாகிவிட்டிருக்கிறது. எனவே உறுப்பினர் தகுதியைப் பொறுத்தவரை நாங்கள் திருத்த வேண்டியது விதியை அன்று, படிவத்தை. புதிய படிவத்தில் ஒவ்வொருவரின் பெயருக்கும் கையெழுத்துக்கும் தனி வரி இருக்கிறது. சந்தா பழைய தொகையே. ஓராண்டு நிபந்தனையும், அதற்கான இடைக்கால விதியும், குழுவில் பெண்களுக்கான இடங்களும் சிறப்புப் பொதுக்குழுவில் வைக்கப்படும். கூட்டம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு.

கல்வி அலுவலகத்துக்கு மறுபடியும் சென்றோம். இம்முறை ஆறு தாய்மார்கள் வந்தார்கள். நானும் இன்னொருவரும் பின்னால் நின்றோம். அவர்கள் சட்டப் பிரிவு எதையும் சொல்லவில்லை. எந்தச் சந்திப்பில் சிக்னல் இல்லை, எந்த மாடியில் பெண் குழந்தைகளுக்கான கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, எத்தனை வீடுகளில் பிள்ளைகள் முதல் வகுப்புக்குத் தயாராக இருக்கிறார்கள் என்று மராத்தியும் இந்தியும் கலந்து சொன்னார்கள். வீடு வீடாகக் கேட்டு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்தார்கள். அதிகாரி அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பை இணைப்பது பற்றிய கோப்பில் இந்த விவரங்களையும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில், உதவி தேவைப்படும் பெண்களின் பெயர்களையும் அவர்களிடம் உள்ள ஆவணங்களையும் தனிப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். தாராவிச் சகோதரி இதில் எங்களுக்கு வழிகாட்ட இசைந்திருக்கிறார்.

இனி ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. 'தமிழ் பேசும் நபர்' என்ற மூல வாசகம் இருக்கும்வரை டோம்பிவிலி அம்மாவுக்குத் தடையே இல்லை. ஆனால் தமிழரை மணந்து, தமிழ் கற்றுக்கொண்டிருக்கும் மராத்தி மருமகள்கள் இருவர் எங்கள் பகுதியில் விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். 'தமிழ் பேசும் அல்லது கற்கும் நபர்' என்று வாசகத்தைத் திருத்தலாமா என்று குழுவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் சங்கங்களில் இதற்கான வாசகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள், அந்த வரியை அப்படியே இங்கே எழுதி உதவுங்கள்.